அதிகம் கேட்டவருக்கே நிலமா? பஞ்சாபின் மூன்றில் ஒரு பங்கும் பினாமி ஏலமும்

ஆண்டுதோறும் கோதுமை அறுவடை முடிந்து நெல் நடவு தொடங்குவதற்கு முன்பு பஞ்சாபின் ஊர்களில் ஊராட்சிப் பொது நிலம் குத்தகைக்கு ஏலம் விடப்படுகிறது. அந்நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு பட்டியல் சாதியினருக்கென ஒதுக்கப்பட்டது. அப்பங்குக்கான ஏலத்தில் பிற சாதியினர் எவரும் கலந்துகொள்ள இயலாது. ஆயினும் ஏலம் முடிந்த சில நாட்களில், ஒதுக்கப்பட்ட அந்த நிலத்திலேயே ஆதிக்கச் சாதி நிலவுடைமையாளரின் டிராக்டர் இறங்குவது பல ஊர்களில் பல்லாண்டுகளாக நடந்துவரும் ஒன்று. பதிவேட்டில் குத்தகைதாரராக இருப்பவர் ஒரு தலித் கூலித் தொழிலாளி. ஊரின் தலித் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து கேட்ட தொகையைவிட அதிகமாக அவர் கேட்டார். ஏலம் அவர் பெயரில் முடிந்தது. காகிதத்தில் எந்த விதியும் மீறப்படவில்லை.

அன்றாடக் கூலியில் வாழும் ஒருவர், பல குடும்பங்களின் கூட்டுச் சேமிப்பை விஞ்சும் தொகையை எங்கிருந்து கொண்டுவந்தார்? இந்த எளிய கேள்வியை ஏல அதிகாரி கேட்பதில்லை. ‘அதிகம் கேட்டவருக்கே’ என்ற ஏல நியதி அக்கேள்வியைத் தேவையற்றதாக ஆக்கிவிடுகிறது. இந்நியதி சட்டத்தில் உண்மையிலேயே அவ்வளவு இறுக்கமானதா, இட ஒதுக்கீட்டை அது எவ்வாறு உள்ளிருந்தே வெறுமையாக்குகிறது, அதை எதிர்கொள்ள என்னென்ன வழிகள் உள்ளன என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலமின்மையின் வரலாறு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பஞ்சாப் மக்களில் 31.9 சதவீதத்தினர் பட்டியல் சாதியினர். இந்தியாவில் வேறெந்த மாநிலத்திலும் இவ்வளவு உயர்ந்த விகிதம் இல்லை. ஆனால் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, சாகுபடிப் பரப்பில் அவர்களிடம் இருப்பது 4 சதவீதத்துக்கும் குறைவு. பசுமைப் புரட்சியின் நெற்களஞ்சியம் என்று புகழப்படும் ஒரு மாநிலத்தில், மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் ஏறத்தாழ நிலமற்றவர்கள்.

இந்நிலை தற்செயலாக உருவானதல்ல. 1900ஆம் ஆண்டு ஆங்கிலேய அரசு கொண்டுவந்த பஞ்சாப் நில உரிமை மாற்றச் சட்டம், ‘விவசாயக் குலங்கள்’ என்று அறிவிக்கப்பட்ட சாதிகளிடமிருந்து பிறர் நிலம் வாங்குவதைத் தடை செய்தது. வட்டிக்கடைக்காரர்களிடமிருந்து உழவர்களைக் காப்பதே அதன் நோக்கம் என்று கூறப்பட்டது. ஆனால் வயலில் உழைத்த தலித் சாதிகள் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. ஒருவர் கையில் பணம் இருந்தாலும் சாதியின் காரணமாக நிலம் வாங்க இயலாத நிலையைச் சட்டமே உருவாக்கியது. 1926இல் மங்கு ராம் தலைமையில் எழுந்த ஆதி தர்ம இயக்கத்தின் முக்கியக் கோரிக்கைகளில் இச்சட்டத்தை நீக்குவதும் ஒன்று. விடுதலைக்குப் பிறகே அது முடிவுக்கு வந்தது. அதற்குள் நிலம் யாரிடம் இருக்கும், யார் அதில் கூலிக்கு உழைப்பார் என்பது இரண்டு தலைமுறைகளுக்கு உறுதியாகிவிட்டது.

இப்பின்னணியில்தான் மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீட்டைப் பார்க்க வேண்டும். 1961ஆம் ஆண்டின் பஞ்சாப் கிராமப் பொது நிலங்கள் (ஒழுங்குமுறை) சட்டம், ‘சாம்லாட்’ எனப்படும் ஊர்ப் பொது நிலத்தை ஊராட்சியிடம் ஒப்படைத்தது. அச்சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட 1964ஆம் ஆண்டு விதிகள், குத்தகைக்கு விடப்படும் சாகுபடிக்கேற்ற பொது நிலத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பட்டியல் சாதியினருக்கு மட்டுமே ஏலத்தின் வழியாக வழங்க வேண்டும் என்கின்றன. மாநிலம் முழுவதும் இத்தகைய சாகுபடி நிலம் சுமார் 1.5 லட்சம் ஏக்கர். அதில் தலித்துகளுக்குரிய பங்கு ஏறத்தாழ 50,000 ஏக்கர்.

இவ்விதியை ஊன்றிப் படித்தால் அதன் உள்முரண்பாடு புலப்படும். யார் கேட்கலாம் என்பதை அது சாதியைக் கொண்டு வரையறுக்கிறது. யார் பெறுவார் என்பதைப் பணத்திடம் விட்டுவிடுகிறது. நிலமற்றோருக்கு நிலம் கிடைக்கச் செய்யும் நோக்கமும், நிலத்திற்கு உயர்ந்த விலை பெறும் முறையும் ஒரே வாக்கியத்துக்குள் வைக்கப்பட்டுள்ளன. பினாமி ஏலம் நுழையும் வாசல் இதுதான்.

பினாமி ஏலம் நடக்கும் விதம்

நிலவுடைமையாளர் தாமே ஏலம் கேட்க முடியாது. எனவே தம்மிடம் வேலை செய்யும் ஒரு தலித் தொழிலாளியை முன்னிறுத்துகிறார். பஞ்சாபில் ஆண்டு முழுமைக்கும் ஒரே பண்ணையில் கட்டுண்டு உழைப்பவரைச் ‘சீரி’ என்பர். முன்பணமாகவும் மருத்துவச் செலவுக்காகவும் திருமணத்துக்காகவும் வாங்கிய கடன், அவரை அப்பண்ணையோடு பிணைத்திருக்கும். ‘ஏலத்தில் என் சார்பாகக் கையை உயர்த்து’ என்று முதலாளி சொன்னால் அவரால் மறுக்க இயலாது. முன்வைப்புத் தொகையையும் குத்தகைப் பணத்தையும் முதலாளி கட்டுகிறார். விளைச்சலையும் அவரே எடுத்துக்கொள்கிறார். பெயரைக் கொடுத்தவருக்குக் கிடைப்பது சிறு தொகை, அல்லது கடனில் ஒரு கழிவு.

இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஓர் ஊரில் ஒதுக்கீட்டு நிலம் 12 ஏக்கர். தலித் குடும்பங்கள் 40 என்று கொள்வோம். ஏக்கருக்கு 25,000 ரூபாய் வரை கொடுக்க இயலும் என்று குடும்பங்கள் கூடி முடிவு செய்கின்றன. மொத்தம் 3 லட்சம். குடும்பத்துக்கு 7,500 ரூபாய். எதிரில் நிற்கும் பினாமி ஏக்கருக்கு 40,000 கேட்கிறார். அதை விஞ்ச வேண்டுமானால் 4.8 லட்சத்துக்கு மேல் வேண்டும். ஒவ்வொரு குடும்பமும் 12,000 ரூபாய்க்கு மேல் திரட்ட வேண்டும். அதுவும் விதைக்கும் முன்பே, ரொக்கமாக. கூலிக் குடும்பங்கள் அந்த இடத்தில் பின்வாங்குகின்றன.

பாதிப்பு அந்த ஓராண்டோடு நிற்பதில்லை. முந்தைய ஆண்டின் குத்தகைத் தொகையை அடிப்படையாகக் கொண்டே அடுத்த ஏலத்தின் தொடக்கத் தொகை நிர்ணயிக்கப்படுவது வழக்கம். ஒருமுறை 40,000 ஆக உயர்த்தப்பட்டால், மறு ஆண்டில் ஏலம் அங்கிருந்துதான் தொடங்கும். அப்போது பினாமி களத்துக்கு வராவிட்டாலும், நிலம் தலித் குடும்பங்களின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கும்.

அவர்களால் ஏன் அதிகம் கேட்க முடிகிறது?

சந்தை ஏலத்தைக் குறித்த பொதுவான நம்பிக்கை ஒன்றுண்டு: நிலத்தைச் சிறப்பாகப் பயன்படுத்தக்கூடியவரே அதிக விலை கொடுப்பார் என்பது. பஞ்சாபின் ஒதுக்கீட்டு நிலத்தில் அந்நம்பிக்கை பொருந்தாததற்கு இரண்டு காரணங்கள் உள்ளன.

முதலாவது, செலவு வேறுபாடு. நிலவுடைமையாளரிடம் டிராக்டர் உண்டு. ஆழ்குழாய்க் கிணறு உண்டு. அதற்கு அரசின் இலவச மின்சாரமும் உண்டு. மண்டியில் ‘ஆடத்தியா’ எனப்படும் தரகு வணிகர் அவரை நம்பிக் கடன் தருவார். பொது நிலம் அவருடைய வயலை ஒட்டியிருந்தால் கூடுதல் செலவு மிகக் குறைவு. நிலமற்ற குடும்பமோ உழவுக்கும் நீருக்கும் வாடகை கொடுக்க வேண்டும். அடமானம் வைக்க நிலம் இல்லாததால் தனியாரிடம் உயர்ந்த வட்டிக்குக் கடன் வாங்க வேண்டும். வேளாண்மைக்கான அரசு மானியங்கள் நில உரிமையைப் பின்தொடர்ந்து செல்கின்றன. அம்மானியத்தால் மிஞ்சும் பணமே ஏலக் களத்தில் நிலமற்றவரைத் தோற்கடிக்கும் பணமாக மாறுகிறது.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. நிலவுடைமையாளர் கொடுக்கும் அதிகத் தொகை 12 ஏக்கரின் விளைச்சலுக்கான விலை மட்டுமே என்று கொள்ள முடியாது. ஊரின் தலித் குடும்பங்கள் தம்மைச் சார்ந்தே இருக்க வேண்டும் என்பதற்கான விலையும் அதில் அடங்கியிருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள மாட்டுத் தீவனத்தைக் கவனித்தால் போதும். நிலமற்ற தலித் குடும்பம் ஓர் எருமையையோ பசுவையோ வளர்த்தால், புல்லுக்குப் பெண்கள் பிறர் வயல் வரப்புக்குத்தான் செல்ல வேண்டும். வயல் உரிமையாளரின் வசைச்சொற்களையும் பாலியல் சீண்டல்களையும் தாங்கிக்கொண்டே ஒரு கட்டுப் புல் அறுத்துவர நேர்கிறது என்பதைப் பஞ்சாபின் நிலப் போராட்டங்களில் பெண்கள் மேடையேறிச் சொல்லியிருக்கிறார்கள். கூலி உயர்வு கேட்டாலும், வேலைக்கு வர மறுத்தாலும் வரப்பில் கால் வைக்கக் கூடாது என்ற தடை வரும். சொந்தமாகத் தீவனம் விளைவிக்க இரண்டு ஏக்கர் இருந்தால் இந்தப் பிடி தளர்ந்துவிடும். பிடி தளர்ந்தால் நடவுக் கூலியைப் பேரம் பேசி உயர்த்த முடியும். இதை நிலவுடைமையாளர்கள் நன்கறிவர். எனவே ஒதுக்கீட்டு நிலத்தில் சிறிது நட்டம் ஏற்பட்டாலும் அவர்களுக்கு அது இலாபமே.

கூட்டாகக் கேட்ட ஊர்கள்

தனித்தனியாக ஏலம் கேட்டால் தலித் குடும்பங்கள் ஒன்றுக்கொன்று போட்டியாகித் தொகையை உயர்த்திவிடும். இதை உணர்ந்த சங்ரூர் மாவட்ட மக்கள் வேறொரு வழியைக் கண்டனர். பென்ரா கிராமத்தின் தலித் குடும்பங்கள் 2008 வாக்கிலேயே ஒதுக்கீட்டு நிலத்தைக் கூட்டாகக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்யத் தொடங்கின. ஊருக்கு ஒரு குழு. குழுவின் சார்பில் ஒருவர் மட்டுமே ஏலம் கேட்பார். நிலத்தில் ஒரு பகுதி தீவனத்துக்கு, எஞ்சியது கோதுமைக்கும் நெல்லுக்கும் என்பது ஏற்பாடு. 2014இல் ஜமீன் பிராப்தி சங்கர்ஷ் கமிட்டி, அதாவது நில மீட்புப் போராட்டக் குழு, உருவாகி இம்முறையைப் பல ஊர்களுக்குக் கொண்டுசென்றது.

இக்குழு ஏலத்தின் விதிகளுக்கு உள்ளேயே ஓர் எதிர்ப்பு முறையை உருவாக்கியது. பினாமி வந்தால் ஏலத்தைப் புறக்கணிப்பது, ஏல அரங்கின் முன் அமர்ந்து முழக்கமிடுவது, ஏலத்தை ஒத்திவைக்கச் செய்வது, குறைந்த தொகையில் குழுவுக்கே நிலத்தை வழங்கும்படி நிர்வாகத்தைப் பேச்சுவார்த்தைக்கு இழுப்பது என்று அது விரிந்தது. பினாமியாக நிற்கவிருந்த தொழிலாளியின் வீட்டுக்குச் சென்று பேசி அவரையும் குழுவில் சேர்த்துக்கொண்டதுதான் பல ஊர்களில் திருப்புமுனையாக அமைந்தது.

இதற்கு அவர்கள் கொடுத்த விலையும் உண்டு. 2014இல் பலத் கலான் கிராமத்தில் பினாமி ஏலத்தை எதிர்த்துச் சாலையில் அமர்ந்தவர்கள் மீது காவல்துறை தடியடி நடத்தியது. பலர் சிறையில் அடைக்கப்பட்டனர். ஆயினும் அவ்வூரின் தலித் குடும்பங்கள் ஒதுக்கீட்டு நிலத்தைப் பெற்றுக் கூட்டுச் சாகுபடி செய்தன. சில ஊர்களில் தலித்துகளுக்கு வேலை தரக் கூடாது, பால் வாங்கக் கூடாது, கடையில் பொருள் தரக் கூடாது என்று ஒலிபெருக்கி வழியே சமூகப் புறக்கணிப்பு அறிவிக்கப்பட்டது. 2016 அக்டோபரில் ஜலூர் கிராமத்தில், ஒதுக்கீட்டு நிலம் குறித்த மோதலைத் தொடர்ந்து தலித் வீடுகள் தாக்கப்பட்டன. போராட்டத்தில் ஈடுபட்ட ஒரு குடும்பத்தின் மூதாட்டி கால் சிதைக்கப்பட்டு, நவம்பரில் மருத்துவமனையில் உயிரிழந்தார். ஓராண்டுக் குத்தகைக்கான ஏலம் ஓர் உயிரைப் பறிக்கும் அளவுக்குப் போகிறதென்றால், அங்கே பணயம் வைக்கப்பட்டிருப்பது குத்தகைத் தொகை மட்டுமன்று என்பது தெளிவு.

அதிகம் கேட்டவருக்கு உரிமை உண்டா?

இனி சட்டத்துக்கு வருவோம். ‘அதிகம் கேட்டிருக்கிறார், நான் என்ன செய்ய முடியும்?’ என்று ஏல அதிகாரி கைவிரிப்பதற்குச் சட்டத்தில் ஆதாரம் இல்லை.

முதலாவதாக, பொது ஏலத்தில் உயர்ந்த தொகை கேட்டவருக்கு அக்காரணத்தாலேயே உரிமை பிறந்துவிடுவதில்லை. அவருடைய கேட்பு ஒரு முன்மொழிவு மட்டுமே. உரிய அதிகாரி அதை ஏற்று உறுதிசெய்த பின்னரே ஒப்பந்தம் உருவாகிறது. ஒரிசா அரசு எதிர் ஹரிநாராயண் ஜெய்ஸ்வால் வழக்கில் 1972ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம், உயர்ந்த கேட்பையும் நிராகரிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. பிற்காலத் தீர்ப்புகள் பலவும் இதை உறுதிசெய்துள்ளன. நிராகரிப்பு தன்னிச்சையானதாக இருக்கக் கூடாது. காரணம் வேண்டும் என்பதே நிபந்தனை. ஒதுக்கீட்டுக்குத் தகுதியற்ற ஒருவரின் பணம் தகுதியுள்ள ஒருவரின் பெயரில் வந்துள்ளது என்பதைவிடத் தகுந்த காரணம் வேறென்ன இருக்க முடியும்?

இரண்டாவதாக, பொதுச் சொத்துக்கு எப்போதும் உயர்ந்த விலையையே பெற வேண்டும் என்று அரசமைப்புச் சட்டம் கட்டளையிடவில்லை. கஸ்தூரி லால் வழக்கில் 1980ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், அரசு தன் சொத்தைக் காரணமின்றிக் குறைந்த விலைக்கு வழங்கக் கூடாது என்று கூறியதோடு, வழிகாட்டு நெறிகளை நிறைவேற்றும் பொதுநலன் இருந்தால் அவ்வாறு வழங்கலாம் என்பதையும் ஏற்றது. 2ஜி அலைக்கற்றைத் தீர்ப்புக்குப் பின் குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்டபோது, 2012 செப்டம்பரில் அரசியல் சாசன அமர்வு இதை மேலும் தெளிவாக்கியது. இயற்கை வளங்களைப் பகிர்ந்தளிக்க ஏலம் மட்டுமே ஒரே வழி என்பது அரசமைப்புச் சட்டத்தின் விதியன்று. வருவாயைப் பெருக்குவது பல நோக்கங்களில் ஒன்றே. கூறு 39(பி) பேசும் பொதுநன்மையே அளவுகோல் என்று அமர்வு கூறியது. பெருநிறுவனங்கள் தொடர்பான வழக்கில் ஏற்கப்பட்ட இக்கோட்பாடு, ஊரின் நிலமற்றவர்களுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். அவர்களுக்குக் கூறு 46இன் பாதுகாப்பும் உண்டு.

மூன்றாவதாக, பஞ்சாபிலிருந்தே எழுந்த ஜக்பால் சிங் வழக்கில் 2011ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், ஊர்ப் பொது நிலத்தின் ஆக்கிரமிப்புகளை அகற்ற நாடு முழுவதற்கும் ஆணையிட்டது. முறைப்படுத்தலுக்கு அது காட்டிய மிகச் சில விதிவிலக்குகளில், அரசு அறிவிக்கையின்படி நிலமற்ற தொழிலாளர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வழங்கப்பட்ட குத்தகைகள் உண்டு. பொது நிலத்தில் யாருடைய தேவை முன்னுரிமை பெறும் என்பதை நீதிமன்றம் அங்கே சுட்டியிருக்கிறது.

கையில் இருக்கும் சட்டக் கருவிகள்

பினாமி என்று முழங்கினால் மட்டும் போதாது, மெய்ப்பிக்க வேண்டும். அதற்கான தடயங்கள் ஆவணங்களிலேயே உள்ளன. முன்வைப்புத் தொகையும் குத்தகைப் பணமும் எந்தக் கணக்கிலிருந்து கட்டப்பட்டன? ‘கிர்தாவரி’ எனப்படும் சாகுபடிப் பதிவில், அதாவது நம் அடங்கலுக்கு நிகரான பதிவேட்டில், பயிரிட்டவராக யார் பெயர் உள்ளது? மண்டியில் விளைபொருளை விற்றதற்கான ‘ஜே படிவம்’ யார் பெயரில் எழுதப்பட்டது? 2021 முதல் பஞ்சாபில் குறைந்தபட்ச ஆதரவு விலை உழவரின் வங்கிக் கணக்கிலேயே நேரடியாகச் செலுத்தப்படுகிறது. ஒதுக்கீட்டு நிலத்தின் கோதுமைக்கான பணம் யார் கணக்கில் விழுந்தது? ஏலக் கோப்பும் சாகுபடிப் பதிவும் பொது ஆவணங்கள் என்பதால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே கோரலாம். தனிநபர் வங்கி விவரங்களை அவ்வாறு பெறுவது கடினம். அவற்றை விசாரணை அதிகாரியோ நீதிமன்றமோ வரவழைக்கும்படி மனுவில் கோர வேண்டும்.

அடுத்து, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பின், பட்டியல் சாதியினரின் நில உரிமையை அனுபவிப்பதில் குறுக்கிடுவதும் விளைச்சலை எடுத்துச்செல்வதும் பிரிவு 3(1)(ஜி)இன் கீழ்க் குற்றம். சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பை விதிப்பதும் விதிப்பதாக மிரட்டுவதும் பிரிவு 3(1)(இசட்சி)இன் கீழ்க் குற்றம். ஏலத்துக்கு முன்பே ‘கேட்டால் வேலை இல்லை’ என்று மிரட்டல் வருமானால், ஏல நாள் வரை காத்திருக்காமல் அன்றே புகார் பதிய வேண்டும். இச்சட்டத்தில் பட்டியல் சாதி, பழங்குடியினர் அல்லாதவரே குற்றவாளியாக முடியும். எனவே பெயரைக் கொடுத்த தொழிலாளி தண்டிக்கப்படாமல், பணத்தைக் கொடுத்தவரை நோக்கி வழக்கைச் செலுத்த இயலும்.

2016இல் திருத்தப்பட்ட பினாமிப் பரிவர்த்தனைத் தடைச் சட்டத்தையும் பலர் பரிந்துரைக்கின்றனர். அதில் ‘சொத்து’ என்பதன் வரையறை விரிவானது. குத்தகை உரிமையும் அதற்குள் அடங்கும் என்று வாதிட இடமுண்டு. ஆனால் அச்சட்டம் பினாமியாக நின்றவரையும் சேர்த்தே தண்டிக்கிறது. கடனால் கட்டுண்டு கையை உயர்த்திய சீரியைச் சிறைக்கு அனுப்புவது நம் நோக்கமாக இருக்க முடியாது. நம்மை விஞ்சி ஏலம் கேட்ட அந்த மனிதர் நம் தெருவைச் சேர்ந்தவர். நம்மைப் போலவே நிலமற்றவர். அவருடைய கடனை உடைக்காமல் பினாமி ஏலத்தை உடைக்க முடியாது. இவ்வகையில் பாதுகாப்பான வழி, ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 23. சட்டத்தின் நோக்கத்தைத் தோற்கடிக்கும் உடன்பாடு செல்லாது என்கிறது அது. பினாமிக்கும் பணம் கொடுத்தவருக்கும் இடையிலான மறைமுக ஏற்பாடு செல்லத்தக்கதன்று என்றும், அதன் அடிப்படையில் உறுதிசெய்யப்பட்ட குத்தகையை நீக்க வேண்டும் என்றும் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை கோரலாம்.

தமிழ்நாட்டு வாசகருக்கு

வேறொருவர் பெயரில் ஒதுக்கீட்டைக் கைப்பற்றும் உத்தி நமக்குப் புதிதன்று. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892 முதல் வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்களுக்கு, முதல் பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. அந்நிபந்தனையைக் கடந்தே அந்நிலங்களில் பெரும்பகுதி கைமாறியது. 1996க்குப் பின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டபோது, ஆதிக்கச் சாதியினர் நிறுத்திய தலித் வேட்பாளர் வென்றவுடன் பதவி விலகும் நாடகம் மீண்டும் மீண்டும் அரங்கேறியது. 2006 அக்டோபரில்தான் அங்கே முறையான தேர்தல் நடந்தது. பஞ்சாபின் பினாமி ஏலதாரரும் மதுரை மாவட்டத்தின் பினாமி வேட்பாளரும் ஒரே உத்தியின் இரு வடிவங்கள். ஒதுக்கீட்டின் சொற்கள் காப்பாற்றப்படும்; அதன் பொருள் களவாடப்படும்.

ஊராட்சிகளின் மீன்பிடிப்பு, மர மகசூல், சந்தை ஏலங்களில் நம் ஊர்களிலும் இக்கேள்வி எழுகிறது. கூடிப் பேசி ஒருவரை மட்டும் ஏலம் கேட்க அனுப்பும் பஞ்சாபின் பாடம் இங்கும் பயன்படும்.

மாற வேண்டியவை

பஞ்சாபின் போராட்டக் குழுக்கள் பல ஆண்டுகளாக முன்வைக்கும் கோரிக்கைகள் தெளிவானவை. ஒதுக்கீட்டுப் பங்குக்கான குத்தகைத் தொகையைக் குறைத்து முன்கூட்டியே நிர்ணயிக்க வேண்டும். ஆண்டுதோறும் ஏலம் என்பதை மாற்றி நீண்டகாலக் குத்தகை வழங்க வேண்டும். பினாமி ஏலங்களை நீக்கம் செய்ய வேண்டும்.

இவற்றோடு ஒரு வழக்கறிஞராக நான் சேர்க்க விரும்புபவை நான்கு. ஊரின் நிலமற்ற தலித் குடும்பங்கள் கூட்டாக முன்வந்தால் அவர்களுக்கு முதல் உரிமை என்று விதியைத் திருத்த வேண்டும். தாமே சாகுபடி செய்வதாக ஏலதாரர் உறுதிமொழி அளிப்பதையும், குத்தகைப் பணத்தைத் தம் கணக்கிலிருந்தே செலுத்துவதையும் கட்டாயமாக்க வேண்டும். உள்குத்தகை கண்டறியப்பட்டால் அந்தப் பருவத்திலேயே குத்தகை நீங்கி, அடுத்த நிலையில் கேட்ட குழுவுக்கு அது கேட்ட தொகையிலேயே நிலம் செல்ல வேண்டும். பினாமி கேட்பால் உயர்ந்த தொகையை மறு ஆண்டின் தொடக்கத் தொகைக்கு அடிப்படையாகக் கொள்ளக் கூடாது.

இவற்றில் எதுவும் அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானதன்று. விதித் திருத்தத்தாலேயே நிறைவேற்றக்கூடியவை. ஊராட்சியின் வருவாய் குறையும் என்ற எதிர்வாதம் வரும். அதற்கு விடை, அந்த ஒதுக்கீடு வருவாய்க்காகச் செய்யப்பட்டதே அன்று என்பதுதான். நிலம் வாங்குவதற்குச் சட்டத்தாலேயே தடுக்கப்பட்ட மக்களுக்குக் கொஞ்சம் நிலமேனும் உழக் கிடைக்க வேண்டும் என்பதற்காக அது செய்யப்பட்டது. அடுத்த ஏலத்தில் அதிகாரி சுத்தியைத் தட்டும் முன் ‘இது யாருடைய பணம்?’ என்று கேட்டு, விடையைப் பதிவேட்டில் எழுதச் செய்வதே இப்போதைய முதல் வேலை.